மயோனைஸ்: வீட்டில் அரைத்ததும் கடையில் வாங்கியதும்

மயோனைஸ் போடி வீடுகளுக்குள் வந்து அதிக காலம் ஆகவில்லை. ஷவர்மா, தந்தூரிக் கடைகளின் வழியாக வந்தது. பிறகு பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் சாண்ட்விச்சாக இடம் பிடித்தது. இப்போது அடிவாரத்து மளிகைக் கடைகளிலும், மேலே பூப்பாறை, ராஜகுமாரி கடைகளிலும் பாக்கெட்டாகக் கிடைக்கிறது. தொக்கு எத்தனை நாள் தாங்கும், தேங்காய்ச் சட்னி எப்போது ஊசிப்போகும் என்பதெல்லாம் நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பழக்கத்திலேயே தெரியும். மயோனைசுக்கு அப்படி ஒரு பழக்கம் நம்மிடம் இன்னும் வளரவில்லை. அதை வளர்ப்பதற்கான அத்தியாயம் இது.

பலருக்கும் இருக்கும் கேள்வி, "வீட்டில் செய்தது நல்லதா, கடையில் வாங்கியது நல்லதா?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு நான்கு. முட்டை சூடு கண்டதா? போதிய புளிப்பு இருக்கிறதா? குளிரில் இருந்ததா? எவ்வளவு நேரம் வெளியே இருந்தது? சூடு, புளிப்பு, குளிர், நேரம் என்ற இந்த நான்கும் சரியாக இருந்தால் வீட்டு மயோனைசும் நல்லது, கடை மயோனைசும் நல்லது. பாக்கெட்டில் வருவதற்கு முதல் இரண்டையும் தொழிற்சாலை பார்த்துக்கொள்கிறது. அடுத்த இரண்டும் நம் பொறுப்பு. வீட்டில் செய்யும்போது நான்குமே நம் பொறுப்பு.

மேட்டுக்கு இருபுறமும் தடை

போடியிலிருந்து முந்தல் வழியாக 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் கேரளம். தினமும் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் அந்த எல்லையைக் கடப்பவர்கள் ஏராளம். அந்த எல்லையின் இருபுறத்திலும் அரசுகள் பச்சை முட்டை மயோனைசுக்குத் தடை விதித்தன.

முதலில் செய்தது கேரளம். உணவு நஞ்சான சம்பவங்களும் சாவுகளும் அடுத்தடுத்து நடந்த பிறகு, 2023 ஜனவரியில் பச்சை முட்டையில் மயோனைஸ் செய்து விற்பதை அது தடுத்தது. முட்டையில்லாத மயோனைஸ், அல்லது பாஸ்டரைஸ் செய்த (மிதமான சூட்டில் கிருமி நீக்கிய) முட்டையில் தயாரித்த மயோனைஸ் மட்டுமே விற்கலாம் என்றது. பார்சல் உணவின் மீது தயாரித்த நேரமும், எந்த நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பதும் எழுதி ஒட்ட வேண்டும் என்றும் அப்போதே விதித்தது. 2024 அக்டோபரில் ஹைதராபாத்தில் மோமோவும் மயோனைசும் சாப்பிட்ட பலர் நோயுற்று ஒரு பெண் இறந்ததைத் தொடர்ந்து, தெலங்கானாவும் ஓராண்டுத் தடை விதித்தது.

தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை வந்தது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-இன் 30-ஆவது பிரிவு, மக்கள் நலன் கருதி ஓர் உணவை ஓராண்டு வரை தடுத்துவைக்க உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அதிகாரம் தருகிறது. அந்த அதிகாரத்தின்படி, பச்சை முட்டை மயோனைசைத் தயாரிப்பது, பொட்டலமிடுவது, சேமிப்பது, கொண்டுசெல்வது, விற்பது எல்லாமே தடை செய்யப்பட்டன. அரசாணை பெயர் சொல்லிக் குறிப்பிட்ட கிருமிகள் சால்மொனெல்லா, ஈ.கோலை, லிஸ்டீரியா ஆகியவை.

இப்படி மயோனைஸ் நஞ்சாவது நம் ஊர்க் கடைகளில் மட்டும் நடப்பதும் அன்று. 1988-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் சால்மொனெல்லா தொற்றால் விழுந்தார்கள். காரணம், அங்குள்ள சமையலறையில் பச்சை முட்டை கொண்டு செய்த மயோனைஸ். அந்தக் காலகட்டத்து முட்டைத் தொற்றுகளுக்குப் பிறகுதான் அந்த நாட்டில் கோழிகளுக்குச் சால்மொனெல்லா தடுப்பூசி போடுவது பரவலாயிற்று. சமையலறை எத்தனை வசதியானதாக இருந்தாலும், சூடு காணாத முட்டை அதே ஆபத்தைத்தான் கொண்டுவருகிறது.

தடைக்குக் காலக் கெடு உண்டு. முட்டைக்குள் இருக்கும் கிருமிக்கு அப்படி ஒரு கெடு கிடையாது. ஆணை நடப்பில் இருக்கிறதா என்று பார்த்து நம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டாம். பச்சை முட்டை மயோனைசை எப்போதும் தவிர்ப்பதே நல்லது.

கிண்ணத்துக்குள் நடப்பது என்ன

எண்ணெயும் தண்ணீரும் சேராது. முட்டையின் மஞ்சள் கருவில் இருக்கும் லெசித்தின் என்ற பொருள் இரண்டையும் பிடித்து நிறுத்துகிறது. அதனால்தான் மஞ்சள் கருவை அடித்துக்கொண்டே எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டால் வெண்ணெய் போலக் கெட்டியாகிறது. இதில் எங்குமே அடுப்பு வருவதில்லை. சிக்கல் தொடங்கும் இடம் அதுதான்.

சால்மொனெல்லா முட்டைக்குள் இரண்டு வழிகளில் வரும். கோழியின் எச்சம் பட்ட ஓட்டின் மேலிருந்து வரலாம். தொற்றுள்ள கோழியின் சூலகத்திலிருந்து, ஓடு உருவாகும் முன்பே கருவுக்குள்ளும் வரலாம். இரண்டாவது வகையில் முட்டை வெளியே பளிச்சென்று இருக்கும். உடைத்தாலும் நிறம், மணம் எதுவும் மாறியிருக்காது. மூக்கும் நாக்கும் இங்கே உதவாது.

இந்தக் கிருமி வெதுவெதுப்பில் செழித்து வளரும். 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட பகுதியை ஆபத்துப் பகுதி என்பார்கள். உடற்சூட்டை ஒட்டிய 35, 37 டிகிரியில் வளர்ச்சி உச்சத்தில் இருக்கும். சித்திரை மாதத்து அடிவாரச் சமையலறையும் அதே சூட்டில்தான் இருக்கிறது. 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும் கிருமி ஒன்று, 5 மணி நேரத்தில் 32,000-ஐத் தாண்டும்.

இனி நான்கு காவல்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சூடு கிருமியைக் கொல்லும். முட்டைக் கலவை 71 டிகிரியைத் தொட்டால் சால்மொனெல்லா மடிந்துவிடும். தொழிற்சாலைகள் இன்னும் குறைந்த சூட்டில், 60 டிகிரியை ஒட்டி, சில நிமிடங்கள் துல்லியமாக நிறுத்தி முட்டையைப் பாஸ்டரைஸ் செய்கின்றன. அந்தத் துல்லியம் வீட்டில் கைகூடாது. நமக்கு 71 டிகிரிதான் கணக்கு.

புளிப்பு கிருமியை வளரவிடாது. பி.எச். அளவு 4.1-க்குக் கீழே இருக்கும்படி வினிகர் சேர்த்த மயோனைசில் சால்மொனெல்லா பெருகாது, மெல்ல மெல்லச் சாகும். ஆனால் எல்லாப் புளிப்பும் ஒன்றில்லை. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம், எலுமிச்சையின் சிட்ரிக் அமிலத்தைவிடக் கிருமிக்கு எதிராக வலுவானது. நம் நாக்குக்கு இதமாக இருக்கட்டும் என்று புளிப்பைக் குறைத்துச் செய்யும் மயோனைசில் இந்தக் காவல் பெயரளவுக்குத்தான்.

குளிர் கிருமியைத் தூங்கவைக்கும், கொல்லாது. பச்சை முட்டை மயோனைசை உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் புளிப்பு கிருமியைக் கொல்லும் வேலையைக் குளிர் மந்தமாக்கிவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உள்ளே போன கிருமி, உள்ளேயே காப்பாற்றப்பட்டு நம் தட்டுக்கு வரும். ஆகவே சூடு காணாத முட்டையை ஃபிரிட்ஜ் சரிசெய்யும் என்று நம்பக் கூடாது.

நேரம் என்பது கடைசிக் காவல். சமைத்த உணவை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். போடியில் கோடை முழுக்க இந்த 1 மணி நேரக் கணக்கையே பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் முக்கியம். பாட்டிலுக்குள் பாதுகாப்பாக இருந்த மயோனைஸ், கோழிக்கறியோடோ வேகவைத்த உருளைக்கிழங்கோடோ வெள்ளரிக்காயோடோ கலந்ததும் தன் புளிப்பை இழக்கிறது. அப்போது கிருமி வளர இடம் கிடைக்கிறது. கலந்த பிறகு அதைச் சமைத்த கறியைப் போலவே நடத்த வேண்டும். பாட்டிலின் காலாவதித் தேதி அந்தக் கலவைக்குப் பொருந்தாது.

முட்டை வாங்கும்போதும் வைக்கும்போதும்

நமக்கு வரும் முட்டையில் பெரும்பங்கு நாமக்கல் பண்ணைகளுடையது. அட்டைத் தட்டுகளில் லாரியில் வந்து, அங்கிருந்து ஜீப்பிலும் பேருந்திலும் மலையேறுகிறது. வளைவுகளில் குலுங்கி வரும் தட்டில் கீறல் விழுந்த முட்டை இல்லாமல் இருக்காது.

கீறல் விழுந்ததையும் எச்சம் ஒட்டியதையும் வாங்காதீர்கள். வீட்டில் வைத்த இடத்தில் கீறல் விழுந்தால் அப்போதே நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டுவிடுங்கள். எப்போது உடைந்தது என்று தெரியாவிட்டால் எறிந்துவிடுங்கள்.

வாங்கியதும் முட்டையைக் கழுவி வைக்க வேண்டாம். ஓட்டின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. அது நுண்துளைகளை அடைத்து வைக்கிறது. கழுவினால் பூச்சு போய்விடும், ஈரத்தோடு கிருமியும் உள்ளே போக வழி கிடைக்கும். கழுவத்தான் வேண்டும் என்றால் உடைக்கப்போகும் நேரத்தில் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் போட்டு மிதக்கிறதா, மூழ்குகிறதா என்று பார்ப்பது முட்டையின் வயதைத்தான் சொல்லும். கிருமி இருக்கிறதா என்பதைச் சொல்லாது. பக்கத்து வீட்டு நாட்டுக்கோழி அன்று காலை இட்ட முட்டைக்கும் இதே விதிதான். நாட்டுக்கோழிக்கும் சால்மொனெல்லா வரும்.

வீட்டில் செய்ய மூன்று வழிகள்

மூன்றிலும் பச்சை முட்டைக்கு இடமில்லை. எண்ணெய்க்கு மணமில்லாத சூரியகாந்தி எண்ணெய் பொருத்தம். வினிகர் வாங்கும்போது லேபிளில் அசிட்டிக் அமிலம் 4 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறதா என்று பாருங்கள். மிக்ஸி ஜாடி, பிளேடு, கரண்டி, பாட்டில் எல்லாம் சோப்பு போட்டுக் கழுவி ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும்.

முதல் வழி, காய்ச்சிய மஞ்சள் கரு. 2 மஞ்சள் கரு, 2 மேஜைக்கரண்டி வினிகர், 2 மேஜைக்கரண்டி தண்ணீர், அரைத் தேக்கரண்டி சர்க்கரை ஆகியவற்றை அடிகனமான சிறு பாத்திரத்தில் கலக்குங்கள். மிகச் சிறு தீயில் வைத்து, கையை எடுக்காமல் கிண்டிக்கொண்டே இருங்கள். கலவை கெட்டியாகி ஓரிரு இடத்தில் குமிழி விடும்போது இறக்குங்கள். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் 71 டிகிரி காட்ட வேண்டும். அடிக்கடி செய்கிறவர்கள் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இறக்கி 4 நிமிடம் ஆறவிட்டு, மிக்ஸியில் ஊற்றி, 1 தேக்கரண்டி கடுகுத்தூள், அரைத் தேக்கரண்டி உப்பு, சிட்டிகை மிளகுத்தூள் சேர்த்து ஓட்டுங்கள். ஓடும்போதே 1 கப் எண்ணெயை நூல் போல மெதுவாக விடுங்கள். எண்ணெயை மொத்தமாக ஊற்றினால் பிரிந்துபோகும்.

இரண்டாவது வழி, அவித்த முட்டை. தெர்மாமீட்டரும் இல்லை, தீயின் பதத்தைக் கணிக்கவும் தயக்கம் என்றால் இதைச் செய்யுங்கள். 2 முட்டையைக் கொதிக்கும் தண்ணீரில் 12 நிமிடம் வேகவையுங்கள். மலைமேல் இருப்பவர்கள் இன்னும் 2, 3 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, ஆகவே வேக நேரமெடுக்கும். கரு முழுவதும் இறுகியிருக்க வேண்டும். உரித்த முட்டையோடு 100 மில்லி எண்ணெய், ஒன்றரை மேஜைக்கரண்டி வினிகர், கால் தேக்கரண்டி கடுகுத்தூள், உப்பு, கொதித்து ஆறிய தண்ணீர் 2 மேஜைக்கரண்டி சேர்த்து வழுவழுப்பாகும் வரை அரையுங்கள். சற்றுக் கெட்டியாக, சாண்ட்விச்சில் தடவ ஏதுவாக வரும்.

மூன்றாவது வழி, பால். முட்டை சாப்பிடாதவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஏற்றது. காய்ச்சி ஆறவைத்துக் குளிரூட்டிய கொழுப்புள்ள பால் 100 மில்லி, எண்ணெய் 200 மில்லி, உப்பு, கடுகுத்தூள் ஆகியவற்றை உயரமான பாத்திரத்தில் எடுத்து ஹேண்ட் பிளெண்டரை அடியில் வைத்து ஓட்டுங்கள். கெட்டியாகத் தொடங்கியதும் மெதுவாக மேலே தூக்குங்கள். கடைசியில் 1 மேஜைக்கரண்டி வினிகர் விட்டால் இன்னும் இறுகும். கறந்த பாலைக் காய்ச்சாமல் பயன்படுத்தக் கூடாது.

மூன்றையும் செய்து முடித்ததும் மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, செய்த தேதியை எழுதி ஒட்டி, ஃபிரிட்ஜின் உள் தட்டில் வையுங்கள். 3 நாளுக்குள் முடித்துவிடுங்கள். பூண்டு சேர்த்த மயோனைஸ் வேண்டுமென்றால் அன்றைக்குத் தேவையானதில் மட்டும் பூண்டை நசுக்கிச் சேருங்கள். பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறவைத்து வெளியே பல நாள் வைத்திருந்தால், காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமி, போட்டுலிசம் என்ற நோயைத் தரும் கொடிய நஞ்சை உருவாக்கலாம்.

நம்பி ஏமாறக் கூடாதவை

"எலுமிச்சை பிழிந்தால் முட்டை வெந்துவிடும்." கரு திரண்டு வெந்தது போலத் தெரியும். கிருமி சாகாது.

"சூடான எண்ணெயை ஊற்றி அடித்தால் போதும்." எண்ணெய் பட்ட இடம் வேகும், படாத இடம் பச்சையாகவே இருக்கும். கலவை முழுவதும் 71 டிகிரியை எட்டியதா என்று அறிய வழியில்லை.

"பூண்டும் மிளகும் கிருமியைக் கொன்றுவிடும்." சமையலில் சேர்க்கும் அளவுக்கு அந்த ஆற்றல் கிடையாது.

"ஃப்ரீசரில் வைத்தால் சாகும்." உறைநிலை சால்மொனெல்லாவைக் கொல்வதாக நம்ப முடியாது. மயோனைசும் உருகும்போது எண்ணெய் பிரிந்து வீணாகும்.

"வாடை இல்லை, அதனால் நல்லதுதான்." உணவை ஊசவைக்கும் கிருமி வேறு, நோய் தரும் கிருமி வேறு. பின்னது வாடை காட்டாது.

கடைப் பாக்கெட்டைப் படிப்பது எப்படி

நம் கடைகளில் விற்கும் பிராண்டுப் பாக்கெட்டுகளில் முட்டையில்லாத வகையே அதிகம். பச்சைப் புள்ளி இருந்தால் முட்டை இல்லை. பழுப்பு நிற முக்கோணம் இருந்தால் முட்டை உண்டு. சட்டப்படி முட்டையும் அசைவக் குறியீட்டில்தான் வரும். முட்டையுள்ள பாக்கெட் என்றால், பொருட்பட்டியலில் 'பாஸ்டரைஸ் செய்த முட்டை' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சின்னமும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண் உண்மையானதா என்பதை 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியில் போட்டுப் பார்க்கலாம். எண்ணே இல்லாத, கையால் கட்டிய நெகிழிப் பையில் கிலோ கணக்கில் விற்கும் மயோனைசை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

பட்டியலில் வரும் எண்களைக் கண்டு பயப்பட வேண்டாம். 260 என்பது அசிட்டிக் அமிலம், 330 சிட்ரிக் அமிலம், 415 கெட்டித்தன்மை தரும் சாந்தன் கம், 202 பொட்டாசியம் சார்பேட், 211 சோடியம் பென்சோயேட். கடைசி இரண்டும் கெடாமல் காப்பவை. அனுமதிக்கப்பட்ட அளவில் சேர்க்கப்படுபவை. திறக்காத பாக்கெட் கடையின் அலமாரியில் மாதக் கணக்கில் தாங்குவது புளிப்பாலும் இவற்றாலும்தான். ஆனால் உப்பும் எண்ணெயும் இதில் அதிகம் என்பதை மறந்துவிடக் கூடாது. பாதுகாப்பானது என்பதால் தினமும் தின்னலாம் என்று பொருளில்லை.

பை உப்பியிருந்தாலோ, ஓரத்தில் கசிந்திருந்தாலோ, வெயில் படும்படி கடை வாசலில் தொங்கியிருந்தாலோ விட்டுவிடுங்கள்.

திறந்த பிறகு

திறந்த நாளைப் பேனாவால் பாக்கெட்டிலேயே எழுதுங்கள். ஃபிரிட்ஜின் கதவுத் தட்டு, திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் சூடாகும் இடம். மயோனைசுக்கு உள் தட்டே இடம். எத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று லேபிள் சொல்வதைப் பின்பற்றுங்கள். காய்ந்த சுத்தமான கரண்டியால் மட்டும் எடுங்கள். சப்பாத்தி மாவு ஒட்டிய கத்தி, சிக்கன் தொட்ட கரண்டி உள்ளே போனால் பாக்கெட்டின் பாதுகாப்பு அதோடு முடிந்தது. கிண்ணத்தில் எடுத்து மிஞ்சியதைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றாதீர்கள்.

கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காமல் விடுங்கள். மூடியே இருந்தால் ஏறக்குறைய 4 மணி நேரம் குளிர் நிற்கும். அதற்கு மேல் போனால் வீட்டில் செய்ததை எறிந்துவிடுங்கள். திறந்த கடை மயோனைஸ் 10 டிகிரிக்கு மேல் 8 மணி நேரத்துக்கு அதிகமாக இருந்தால் அதையும் எறிந்துவிட வேண்டும்.

டிபன் பாக்ஸ், தூக்குச்சட்டி, மலைக் குளிர்

காலை 7:30 மணிக்குக் கட்டும் சாண்ட்விச்சைப் பிள்ளை திறப்பது 12:30 மணிக்கு. 5 மணி நேரம். மயோனைசோடு கோழியோ முட்டையோ கலந்த சாண்ட்விச்சுக்கு அது தாங்காத நேரம். பள்ளிக்கு மயோனைஸ் வேண்டாம் என்பதே நேரான பதில். பிள்ளை பிடிவாதம் பிடித்தால் கடையில் விற்கும் ஒருமுறைப் பயன்பாட்டுச் சிறு பொட்டலத்தைத் தனியாகக் கொடுங்கள். சாப்பிடும்போது பிரித்துக்கொள்ளட்டும். ரொட்டிக்குத் தக்காளித் தொக்கு, நிலக்கடலைச் சட்னிப்பொடி, வெண்ணெய் எல்லாம் அதைவிட நன்றாகத் தாங்கும்.

தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே கிளம்புகிறார்கள். மதியச் சாப்பாடு ஜீப்பிலும் ஏலச்செடி நிழலிலும் பல மணி நேரம் காத்திருக்கிறது. அந்தத் தூக்குச்சட்டிக்குப் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் பொருந்துகிற அளவுக்கு மயோனைஸ் ஒருபோதும் பொருந்தாது.

லயத்து வீடுகளிலும் தங்கும் விடுதிகளிலும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. "இங்கே குளிர்தானே, வெளியிலேயே இருக்கட்டும்" என்பது அது. மலைமேல் பகலில் 20 டிகிரியை ஒட்டி இருக்கும் குளிர் நம் உடம்புக்குத்தான் குளிர். கிருமிக்கு அது வளர்வதற்குப் போதுமான சூடு. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் வீட்டு மயோனைஸ் செய்தால் அந்த வேளையிலேயே முடித்துவிட வேண்டும். கடையில் வாங்குவதென்றால் ஒரே வேளைக்கான சிறு பொட்டலமே சரி.

ஷவர்மாக் கடையில் கேட்க வேண்டியது

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்ததைத் தொடர்ந்து தமிழ்நாடு முழுவதும் கடைகள் சோதனையிடப்பட்டன. அந்தச் சோதனை எப்போதோ ஒரு நாள் நடப்பது. நாம் கடைக்குப் போவது அடிக்கடி. கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை.

"அண்ணே, மயோனைஸ் முட்டை போட்டதா, போடாததா? பாக்கெட்டா, நீங்களே அரைச்சதா? எப்ப எடுத்து வெச்சது?" இந்த மூன்று கேள்வியே போதும். ஒழுங்காகக் கடை நடத்துகிறவர் பாக்கெட்டையே எடுத்துக் காட்டுவார். பதில் மழுப்பலாக வந்தால், "எனக்கு மயோனைஸ் வேண்டாம்ணே" என்று சொல்லிவிடுங்கள்.

கண்ணால் பார்த்தே சில விஷயங்களை முடிவு செய்யலாம். அடுப்புக்குப் பக்கத்தில் மாலை முழுக்க நிற்கும் பிழி பாட்டில், மேலே மஞ்சள் படிந்து எண்ணெய் மிதக்கும் கிண்ணம், பழைய பாட்டிலைக் கழுவாமல் அதன் மேலேயே புதியதை நிரப்புவது, கறியை வெட்டிய கையே மயோனைசைத் தொடுவது, இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் திரும்பிவிடுங்கள். பார்சல் வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் சாப்பிடுங்கள். மறுநாள் காலைக்கு எடுத்து வைக்காதீர்கள். கறியைச் சூடாக்கினாலும் அதோடு கலந்த மயோனைஸ் சரியாகாது.

கடையும் விடுதியும் நடத்துகிறவர்களுக்கு

முட்டையில்லாத மயோனைசையோ, பாஸ்டரைஸ் செய்த முட்டையில் செய்ததையோ உரிம எண்ணுள்ள பாக்கெட்டாக வாங்குங்கள். வாங்கிய ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்குத் தேவையானதை மட்டும் சிறு பாட்டிலில் எடுத்து, மீதியை 5 டிகிரிக்குக் கீழே வையுங்கள். காலியான பாட்டிலை வெந்நீரில் கழுவிக் காயவைத்த பிறகே மறுபடி நிரப்புங்கள். கடை மூடும்போது வெளியே இருந்த மயோனைசைக் கொட்டிவிடுங்கள். பார்சலில் நேரம் எழுதி ஒட்டுங்கள். கேரளம் விதித்த வழக்கம்தான் என்றாலும் நம் பக்கத்துக் கடைக்கும் அது நற்பெயர் தரும்.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65-ஆவது பிரிவின்படி, பாதுகாப்பற்ற உணவால் ஒருவர் இறந்தால் குறைந்தது 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டிவரும். ஒரு பாக்கெட்டில் மிச்சம் பிடிக்கும் காசு அதற்கு முன் ஒன்றுமே இல்லை. உயிருக்கு எந்த இழப்பீடும் ஈடாகாது.

உடம்பு சரியில்லாமல் போனால்

சால்மொனெல்லா தொற்று, சாப்பிட்ட 6 மணி நேரத்திலிருந்து 3 நாளுக்குள் காட்டும். காய்ச்சல், வயிற்றுப் பிடிப்பு, வயிற்றுப்போக்கு, வாந்தி வரும். 1 மணி முதல் 6 மணி நேரத்துக்குள் கடும் வாந்தி தொடங்கினால் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியின் நஞ்சாக இருக்கலாம். அது பெரும்பாலும் சமைத்தவர் கையிலிருந்து வருவது.

முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். ஒரு பொட்டலத்தை 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, சிறுகச் சிறுகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். பொட்டலம் இல்லையென்றால் 1 லிட்டர் தண்ணீரில் 6 மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரை மட்டத் தேக்கரண்டி உப்பு. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். காய்ச்சலோ இரத்தமோ இருக்கும்போது வயிற்றுப்போக்கைச் சட்டென நிறுத்தும் மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கிப் போடாதீர்கள். மிச்சமிருக்கும் பழைய ஆன்டிபயாட்டிக்கையும் விழுங்காதீர்கள்.

மலத்தில் இரத்தம், குறையாத காய்ச்சல், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, பல மணி நேரம் சிறுநீர் போகாதது, கண் குழிந்து சோர்வது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் இந்த அறிகுறிகளுக்குக் காத்திருக்காமல் முதல் நாளே மருத்துவரைப் பார்க்க வேண்டும். போடியில் அரசு மருத்துவமனை இருக்கிறது. நிலைமை மோசமானால் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 108-ஐ அழையுங்கள். மலைமேல் இருப்பவர்கள் இரவு வரை பொறுத்துப் பார்க்காமல் வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுவது நல்லது.

மிச்ச உணவையும் பாக்கெட்டையும் ரசீதையும் எறியாமல் ஒரு பையில் கட்டி ஃபிரிட்ஜில் தனியாக வையுங்கள். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குக் கடையின் பெயர், இடம், சாப்பிட்ட நாள், நேரம், படம் ஆகியவற்றை அனுப்பினால் புகார் பதிவாகும். ஒருவர் சொல்லும் புகார் அடுத்த பத்துப் பேரைக் காப்பாற்றக்கூடும்.

கதவில் ஒட்டி வைக்க

பச்சை முட்டையில் செய்த மயோனைஸ் வேண்டாம். வீட்டில் செய்வதென்றால் காய்ச்சிய கரு, அவித்த முட்டை, பால், இம்மூன்றில் ஒன்று. வினிகரைக் குறைக்காதீர்கள். வீட்டில் செய்தது ஃபிரிட்ஜின் உள் தட்டில் 3 நாள். வெளியே கோடையில் 1 மணி நேரம், மற்ற நாளில் 2 மணி நேரம். கலந்த உணவு மிஞ்சினால் எறிந்துவிடுங்கள். டிபன் பாக்ஸுக்கும் தூக்குச்சட்டிக்கும் மயோனைஸ் இல்லை.

மயோனைஸ் இல்லாமல் நம் சாப்பாடு எதுவும் குறைந்துபோகாது. ஆசைக்காகச் சேர்த்துக்கொள்கிற ஒரு பொருள் அது. ஆசைப்பட்டுச் சாப்பிடுகிறவர்களில் பிள்ளைகள்தான் அதிகம், தொற்று வந்தால் அதிகம் வாடுவதும் அவர்கள்தான். ஆகவே இன்றே ஃபிரிட்ஜைத் திறந்து அங்கிருக்கும் மயோனைஸ் பாட்டிலில் தேதியைப் பாருங்கள். எப்போது திறந்தது என்று உங்களுக்கே நினைவில்லை என்றால், அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.